வாய் மூடாத பொத்தான்

இரண்டாம் ஆட்டத்தின் நடுவில்
வலக்கை மோதிரவிரலுக்கு அடியில்
சுண்டெலி முதுகொடிந்ததுபோல
ஒரு டிக்.
அதன்பின் அந்தப் பொத்தான் மேலே வரவில்லை.

ஊமையாகியிருந்தால் பரவாயில்லை.
ஒரு சுரம் குறைந்தாலும் ஆடுவார்கள் கிளேர்க்காரர்கள்;
பல் விழுந்தவனும் பாடத்தானே செய்கிறான்.
என் கான்செர்டினா
வாயை மூடமாட்டேன் என்றது.
துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம்
இழுத்தால் இன்னொன்று
எதை வாசித்தாலும் குறுக்கே அது,
மாட்டுச்சந்தையில்
காது கேளாத தரகரைப்போல.

எட்டுப் பேர் கைகோத்தபடி நின்றார்கள்.
ஒருத்தியின் கால் இன்னும் காற்றில்.
ஃபின்டன் பேஞ்சோவை மடியில் சாய்த்து
"யாரை மிதித்தாய்?" என்றான்.

சமையலறை மேசை.
ரொட்டித் துணுக்குகளைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு
டிம்ப்னா விளக்கை இறக்கிப் பிடித்தாள்.
ஆறு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாய்ச் சாஸரில்.
ஐந்து விழுந்த ஓசை கேட்டது.
ஆறாவது
அப்புறம் தேடலாம்.

நான் மாட்டு வைத்தியன்.
அன்று விடியலில்தான்
தோள்வரை கைவிட்டுக்
குறுக்கே கிடந்த கன்றைத் திருப்பியிருந்தேன்.
அந்தக் கைகளின் முன்னே
சட்டைப் பித்தான் அளவுத் தோல்மூடிகள்,
மயிரிழைப் பித்தளைச் சுருள்கள்
மூச்சடக்கிப் படுத்திருந்தன வரிசையாக.
ஒன்று மட்டும் இரண்டாக.
மரத்தில் பென்சிலால் யாரோ போட்ட கழித்தல் கணக்கு.
எவருடைய கூலியோ.
விடை தப்பு.

ஹாலில் தரையைக் காலால் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.
கூரையில் மழையும் அதையே செய்தது.
ஆளாளுக்கு ஒரு மருந்து:
ரப்பர் வளையம் போடு என்றார் ஒருவர்.
டப்ளினுக்கு அனுப்பு,
ஒன்பது மாதத்தில் வந்துவிடும் என்றார் இன்னொருவர்.
"அதற்குள் கன்றே வந்துவிடும்" என்றேன்.

மீன் வேன் ஓட்டும் அட்ராக்டாதான்
ஒன்றும் சொல்லாமல்
ஃபின்டனின் பேஞ்சோத் தலையில்
முறுக்கியது போக மிஞ்சிச்
சிலுப்பிக்கொண்டிருந்த தந்தி நுனியை
நறுக்கென்று வெட்டி எடுத்தாள்.
கோணி ஊசியில் ஒரு சுற்று,
ஒன்றரைச் சுற்று.
மரத்தில் ஊன்ற ஒரு கால்
நெம்புகோலைத் தாங்க ஒரு கால்.
என் பருத்த விரல்களை ஒதுக்கித் தள்ளி
அவளே உள்ளே வைத்தாள்.
கருவிக்குள் கானாங்கெளுத்தி வாடை.

மூடினோம்.
ஐந்து ஸ்க்ரூ,
ஆறாவது துளையில் தீக்குச்சித் துண்டு.
தள்ளினேன். சத்தமில்லை.
இழுத்தேன். சத்தமில்லை.
ஒரு வாத்தியத்திடம்
இதற்காக நான் வேண்டிக்கொண்டது
அதுதான் முதல்முறை.

பேஞ்சோத் தந்தி பித்தளையல்ல, எஃகு.
பிடிவாதக்காரி.
அந்தப் பொத்தானை மட்டும் இன்றும்
கொஞ்சம் ஊன்றி அழுத்த வேண்டும்;
சுரம் ஓர் இமைப்பொழுது பிந்தித்தான் வரும்.
போன ஆகஸ்டில் கார்க்கிலிருந்து வந்த ஒருவர்
கண்மூடித் தலையசைத்துக் கேட்டார்.
"அந்தத் தயக்கம் இருக்கிறதே,
இந்தப் பக்கத்துப் பாணிதானே அது?"
ஆமாம் என்றேன்.
அட்ராக்டா இருமினாள்.

அந்த ஸ்க்ரூ
அவ்வருடத் தவக்காலத்திலேயே கிடைத்துவிட்டது.
நற்கருணை வாங்க அவள் நடக்கையில்
பூட்ஸ் அடியிலிருந்து
கோவில் கல்தரையில் டிக், டிக் என்று.
மீன் பில்லின் பின்பக்கத்தில் சுற்றித் தந்தாள்.
என் வண்டியில்
குடற்புழு மருந்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
தீக்குச்சியைப் பிடுங்கிவிட்டு
முறுக்கினால் முடிந்தது வேலை.

பிடுங்கவில்லை.
அதுபாட்டுக்கு வாசிக்கிறது.